கமா அக்கா எழுதிய பக்கம்

கல்லூரி ப்ராஸ்பெக்டஸைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். அந்த வழவழப்பான தாளும், அட்டையில் பல் தெரியச் சிரிக்கும் பெண்ணும், கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் தாளாளரும் எனக்கு ஆகவே ஆகாது. சேரப் போகிற பிள்ளைகளுக்கு இவ்வளவு அருவருப்பு இருக்காது. எனக்கு இருக்கிறது, ஏனென்றால் அவற்றைச் செய்பவனே நான்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அச்சகம் ஒன்றில் பதினாறு வருடமாகப் பக்கம் வடிவமைக்கிறேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். கல்லூரிக்காரர்களுக்கு ஒரே பொய்யில் மூவாயிரம் பிரதி வேண்டும்.

அட்டையில் சிரிக்கும் அந்தப் பெண் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. எங்கள் முதலாளியின் மைத்துனர் மகள் அவள். ஒரே வருடத்தில் மூன்று கல்லூரிகளின் அட்டையில் சிரித்தாள். மூன்று கல்லூரிக்காரர்களும் வாய் திறக்கவில்லை. பெரிய நூலகம் என்று ஒரு படம் போடுவோமே, அது ஒரு மரச்சாமான் கடையின் விலைப்பட்டியலுக்காக எடுத்த அலமாரிப் படம். ஓரத்தில் இருந்த விலைச்சீட்டை நான்தான் அழித்தேன். நல்ல வேலைப்பாடு என்று முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கமா அக்கா எங்களிடம் புரூஃப் பார்ப்பவள், அச்சேறும் முன் பிழை திருத்துபவள். மெஷின்காரர் வைத்த பெயர் அது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு வங்கியின் ஆண்டறிக்கையில் நாற்பத்தோரு கமாக்களைச் சேர்த்துவிட்டு, அத்தனையும் சரி என்று சண்டையும் போட்டாளாம். தாள் வெட்டும் இயந்திரத்துக்கும் கழிவறைக்கும் நடுவில் ஒரு தடுப்புக்குள்தான் அவளுக்கு மேசை. ஒரு பக்கம் வெட்டுச் சத்தம், மறுபக்கம் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நாற்றம். இரண்டுக்கும் நடுவில், வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து எழுத்து எழுத்தாக வாசிப்பாள். பெயர்ப் பட்டியல் வந்தால் கீழிருந்து மேலே வாசிப்பாள். மேலிருந்து வாசித்தால் பிழையையும் கண் தானாகவே சரியாகப் படித்துக்கொண்டு போய்விடுமாம். பத்தொன்பது வருடம் இப்படி.

அக்கா பள்ளிக்கூடத்தோடு சரி. ஆங்கிலத்தில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். மேலே இலக்கியம் படிக்கிறேன் என்று கேட்டதற்கு அவள் அப்பா, "படிச்சது போதும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியுதில்ல" என்று சொல்லிவிட்டார். அடுத்த வருடம் கல்யாணம். கணவர் சரக்கு லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் தொலைபேசியில்தான் குடித்தனம். அக்கா கற்றுக்கொண்ட ஆங்கிலம் எல்லாம் எங்கள் அச்சகத்துக்கு வந்த காகிதத்தில் கற்றதுதான். ஆராய்ச்சிக் கட்டுரை, மருந்துக் கம்பெனி அறிக்கை, யாரோ ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியின் கவிதைகள், எது வந்தாலும் வீணான தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போவாள்.

எங்கள் அச்சகத்தில் ப்ராஸ்பெக்டஸ் தயாராகும் முறையைச் சொல்கிறேன். போன வருடக் கோப்பைத் திறப்பேன். வருடத்தை மாற்றுவேன். தாளாளர் புதிதாக வாங்கிய விருது ஏதாவது இருந்தால் சேர்ப்பேன். புரூஃப் கல்லூரிக்குப் போகும், மறுநாளே எல்லாப் பக்கத்திலும் 'சரி' என்று கையெழுத்தோடு திரும்பி வரும். அதை அங்கே ஒருவரும் படிப்பதில்லை. தாளாளரின் படம் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே ஒரு புதிய தனியார் கல்லூரி வந்தது. முதல் ப்ராஸ்பெக்டஸ். எல்லாத் துறையும் எதையோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள், ஆங்கிலத் துறைப் பக்கம் மட்டும் காலி. நான்கு முறை தொலைபேசியில் கேட்டோம். "அனுப்பறோம், அனுப்பறோம்" என்றார்கள். மறுநாள் காலை அச்சுக்கு ஏற வேண்டும். முதலாளி தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "எதையாவது போட்டு ரொப்பும்மா, புரூஃப்ல அவங்களே மாத்திக்குவாங்க" என்றார்.

அக்கா பேனாவை எடுத்தாள். தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை எழுதினாள். பதினைந்து வரி இருக்கும், ஆங்கிலத்தில். அதைத் தட்டச்சு செய்தவன் நான். எனக்குத் தெரிந்தவரை தமிழில் சொல்கிறேன். 'எங்களிடம் வருகிறவர்கள் முதல் மாதம் எதையும் எழுத வேண்டாம். ஒரே ஒரு கதையைப் படிப்போம். பிடிக்கவில்லை என்றால் சொல்லலாம், ஏன் என்று மட்டும் சொல்ல வேண்டும். ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் நூலகப் புத்தகங்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதலாம். உங்களுக்கு முன்னால் படித்தவர் அங்கே என்ன எழுதினார் என்று பார்த்து, அவரோடு சண்டை போடலாம்.' இப்படிப் போகும் அது. தட்டச்சு செய்தபோது, படிப்பே ஏறாத எனக்குக்கூடப் போய்ச் சேர்ந்துவிடலாமா என்று இருந்தது.

புரூஃப் போனது. 'சரி' என்ற கையெழுத்தோடு வந்தது. அச்சாகிவிட்டது. அடுத்த வருடம் போன வருடக் கோப்பைத் திறந்தேன், வருடத்தை மாற்றினேன். அதற்கடுத்த வருடமும் அதே. ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் தன் மேசைக்கு வரும்போது அக்காவின் முகத்தில் ஒரு சின்ன வெட்கம் வரும். ஸ்கேலை வைத்து, பதினைந்து வரியையும் மற்ற பக்கங்களைவிட மெதுவாக வாசிப்பாள். எடுத்துவிடலாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கல்லூரிக்காரர்களின் பொய்யைப் பார்த்துக் காறித் துப்புகிறோமே, இதுவும் பொய்தானே என்று எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது.

இந்த வருடம் அக்காவின் மகள் பள்ளி முடித்தாள். ஆங்கில இலக்கியம்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அக்காவின் அண்ணன் வீட்டுக்கு வந்து, "அதான் இங்கிலீஷ் பேசத் தெரியுதே, அப்புறம் என்னத்தப் படிக்கறது? அதைப் படிச்சா இங்கிலீஷ்காரனா வந்து வேலை குடுக்கப் போறான்?" என்று கேட்டாராம். அக்கா தன் அண்ணனை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். தனக்குக் கிடைக்காதது மகளுக்குக் கிடைக்கிறது என்ற சந்தோஷத்தில் இரண்டு நாள் அச்சகத்தில் யாரோடும் சண்டை போடவில்லை.

மூன்றாம் நாள் முகம் தொங்கிப் போய் வந்தாள்.

"தம்பி, அவ அந்தக் காலேஜுலதான் சேருவேங்கறா."

"எந்தக் காலேஜுக்கா?"

"நான் எழுதின பக்கம் வருதே, அந்தக் காலேஜுல. ஸ்கூல்ல ப்ராஸ்பெக்டஸ் குடுத்திருக்காங்க. அந்தப் பக்கத்தைக் கிழிச்சு, படிக்கற மேசைக்கு மேல ஒட்டி வெச்சிருக்கா. அடிக்கோடு வேற."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். மகளுக்கு அரசுக் கல்லூரியிலும் இடம் கிடைத்திருந்தது. அங்கே ப்ராஸ்பெக்டஸ் கிடையாது. பாடங்களின் பெயரும் பேருந்து எண்ணும் போட்ட ஒற்றைத் தாள், அதுவும் நகல் எடுத்து நகல் எடுத்து எழுத்தே சாய்ந்துபோன தாள். பழைய கட்டடம், ஒரு மணி நேரப் பயணம். ஆனால் அங்கே பாடம் நடக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

"உண்மையைச் சொல்லிடுங்கக்கா," என்றேன்.

"எப்படிச் சொல்றது? 'இதை எழுதினவங்ககிட்ட மூணு வருஷம் படிச்சாப் போதும்மா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்'ங்கறா. என்னைப் பாத்துச் சொல்றா தம்பி."

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். மகள் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டதும் இவளுக்குள்ளே குளிர்ந்துவிட்டது. ஒளித்து என்ன பயன், அது பெருமைதான். பத்தொன்பது வருடம் ஊரான் எழுத்துக்குக் கமா வைத்தவளுக்கு முதல் முறையாக ஒரு வாசகி. அதை எப்படி உடைப்பாள்? தூரம் என்றாள், கேன்டீன் சரியில்லை என்றாள், அந்தப் பக்கம் பாம்பு வரும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். மகள் கேட்டது ஒரே கேள்விதான்: "உனக்கு என்னம்மா தெரியும், நீ காலேஜ் போயிருக்கியா?" அதோடு அக்கா வாயை மூடிக்கொண்டாள். நானாவது மகளிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு என்ன வந்தது என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அந்தக் கல்லூரிக்கு மீதி ப்ராஸ்பெக்டஸ் பெட்டிகளை வேனில் கொண்டுபோக வேண்டியிருந்தது. மகளைச் சேர்க்க அக்காவும் அதே வேனில் வந்தாள். மகள் நடுவில் உட்கார்ந்து, சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக எதைப் பார்த்தாலும் சிரித்தாள். அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே வந்தாள்.

கல்லூரி வாசலில் செயற்கை நீரூற்று, தண்ணீரில் பச்சையாகப் பாசி, அதில் மிதக்கும் பிஸ்கட் உறை. உள்ளே நுழைந்ததும் வாசனைத் தெளிப்பானின் நெடி மூக்கைத் துளைத்தது. சேர்க்கை மேசையில் அங்கேயே படிக்கும் மாணவி ஒருத்தியை உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் தூக்கம். மகள் நீட்டிய கோப்பை வாங்கி, சான்றிதழ்களை எண்ணி இழுப்பறைக்குள் வைத்தாள். "துறைத் தலைவரைப் பாத்துட்டு வந்தீங்கன்னா ரிஜிஸ்டர்ல ஏத்திடுவேன். ஏத்திட்டா அசலைத் திருப்பிக் கேக்க முடியாது, மூணு வருஷம் எங்ககிட்டதான்," என்று மனப்பாடமாக ஒப்பித்தாள்.

நான் பெட்டிகளை அந்த மேசைக்குப் பின்னால் இறக்கி அடுக்கிவிட்டு, அவர்களோடு மாடிக்குப் போனேன். வழியில் ஒரு வகுப்பறை. அறுபது பேர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒருவர் கையில் இருந்த தாளைப் பார்த்து, "கமா, அடுத்த வரி" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "வேற டிபார்ட்மென்ட்டா இருக்கும்," என்றாள். கதவில் 'ஆங்கிலம், இரண்டாம் ஆண்டு' என்று எழுதியிருந்தது. அக்கா அதைப் படித்தாள், நானும் படித்தேன்.

துறைத் தலைவர் தன் அறையில் காது குடைந்துகொண்டிருந்தார். சாவியால். எங்களைப் பார்த்ததும் சாவியைச் சட்டையில் துடைத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி, உள்ளே நாற்பது ஐம்பது புத்தகங்கள், உறைகூடப் பிரிக்காமல். அதன் சாவிதான் அது. வேறு எதற்கும் பயன்பட்டதாகத் தெரியவில்லை, அலமாரியின் பூட்டில் துரு ஏறியிருந்தது.

மகள் எதையும் கவனிக்கவில்லை. அடிக்கோடிட்ட பக்கத்தைப் பையிலிருந்து எடுத்து விரித்தாள். "சார், இது நீங்க எழுதினதா சார்?"

அவர் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தார். படிக்கவில்லை. "பின்ன? வேற யாரு எழுதுவா? நான்தான் எழுதினேன். ஒரே மூச்சுல எழுதினது."

எனக்கு அந்த ஆளின் மூஞ்சியில் பேப்பர் வெயிட்டை எறியலாம் போலிருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் மாசம் எந்தக் கதை சார் படிப்போம்?" என்று மகள் கேட்டாள்.

"எந்தக் கதை?"

"ஒரே ஒரு கதைன்னு போட்டிருக்கீங்களே சார். பிடிக்கலைன்னா சொல்லலாம்னு."

அவர் சிரித்தார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். "பிடிக்கலைன்னா? பரீட்சையில பிடிக்கலைன்னு எழுதி வெச்சா மார்க்கா போடுவாங்க? கதையெல்லாம் நீங்க படிக்க வேண்டாம்மா. நோட்ஸ் நாங்களே குடுத்துருவோம். அதை அப்படியே எழுதினாப் போதும், பாஸ். இது வரைக்கும் ஒருத்தர்கூட ஃபெயில் இல்ல, தெரியுமா?"

மகள் கையில் இருந்த தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதும் நம்பத்தான் பார்த்தாள் அந்தப் பெண். "ஓரத்துல பென்சிலால எழுதலாம்னு..." என்று தொடங்கினாள்.

"சார் எழுதல," என்றாள் அக்கா. "நான் எழுதினேன்."

அவர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "யாரும்மா நீங்க?"

"உங்க ப்ராஸ்பெக்டஸுக்குப் புரூஃப் பாக்கறவ. நீங்க எழுதி அனுப்பல. பக்கம் காலியா இருந்துச்சு, நான் எழுதிப் போட்டேன். ஏழு வருஷமா அதான் வருது."

மனிதன் என்றால் ஒரு நொடியாவது முகம் சுருங்கும். இவர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓ, பிரஸ்ஸா? போன வருஷம் என் பேருக்குப் பின்னாடி ஒரு பட்டத்தை விட்டுட்டீங்களே, அது நீங்கதானா? எவ்வளவு அசிங்கமாப் போச்சு எனக்கு!"

மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். அக்கா பின்னாலேயே ஓடினாள். நான் போகும்போது இருவரும் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றிருந்தார்கள்.

"ஏம்மா சொல்லல? இத்தனை நாளா என் கூடத்தானே இருந்த?"

"சொல்லத்தான் நெனச்சேன். நீ அதைச் சத்தமாப் படிச்ச. திரும்பத் திரும்பப் படிச்ச. கேக்கறதுக்கு எனக்கு நல்லா இருந்துச்சு." அக்கா மழுப்பவில்லை. "அதான் சொல்லல."

"எனக்கு இப்ப உன்னைப் பாக்கவே பிடிக்கல," என்றாள் மகள். அந்தத் தாளை நாலாகக் கிழித்தாள். எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு, "சர்ட்டிபிகேட்டை வாங்கிக் குடு. நாளைக்கு நான் கவர்மென்ட் காலேஜுக்குப் போகணும்," என்று சொன்னாள்.

கீழே மேசையில் பதிவேடு திறந்திருந்தது. நாங்கள் இறங்கி வருவதைப் பார்த்ததுமே அந்த மாணவி எழுதத் தொடங்கி, மகளின் பெயர் பாதி எழுதியாகிவிட்டது. வரிசை நீண்டிருந்தது, பேனா நிற்கவில்லை.

"எழுதறதை நிறுத்தும்மா," என்று அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்கு அசல் திரும்ப வேணும்."

"எழுத ஆரம்பிச்சுட்டேன் ஆன்ட்டி. இனிமே முடியாது. ஆபீஸ்ல என்னைத்தான் திட்டுவாங்க." மாணவி தலையைத் தூக்கவில்லை. "காரணம் வேற எழுதணும். ஏன் வேணாங்கறீங்க?"

வரிசையில் நின்ற அப்பா அம்மாக்கள் எல்லோரும் பார்த்தார்கள். தூரம் என்றோ உடம்புக்கு முடியவில்லை என்றோ அக்கா ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய்யை வைத்தே பிழைப்பு நடத்துகிற என்னைப் போன்றவன் அப்படித்தான் செய்திருப்பேன்.

"ப்ராஸ்பெக்டஸ்ல இங்கிலீஷ் பக்கத்துல இருக்கறது நெசம் இல்லம்மா," என்றாள் அக்கா. குரல் வரிசை முழுக்கக் கேட்டது. "பிரஸ்ல உக்காந்துக்கிட்டு நான் இட்டுக்கட்டினது. என் பொண்ணு அதை நம்பி வந்துட்டா."

பேனா நின்றது. மாணவி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அடையாள அட்டையில் 'ஆங்கிலம், மூன்றாம் ஆண்டு' என்று இருந்ததை நானும் இப்போதுதான் பார்த்தேன்.

"அந்த ஒரே கதை? பென்சில்? அதெல்லாமா?"

"எல்லாமே."

"நானும் அதைப் படிச்சுட்டுத்தான் வந்தேன்," என்றாள் அவள். "என் கிளாஸ்ல இன்னும் நாலு பேரு. முதல் மாசம் முழுக்க அந்தக் கதை எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தோம். கேலி பண்ணினாங்க. அப்புறம் விட்டுட்டோம்."

ஏழு வருடம் அந்தப் பக்கத்தை எழுத்து எழுத்தாக வாசித்த அக்காவுக்கு, அதை வேறு பெண்களும் வாசிப்பார்கள் என்பது ஒரு முறைகூடத் தோன்றியதில்லை. அவள் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு என்னைப் பிடிக்கவில்லை, அது மட்டும் தெரிந்தது.

மாணவி பதிவேட்டில் பாதிப் பெயரின் மேல் கோடு போட்டாள். இழுப்பறையைத் திறந்து கோப்பை எடுத்து மகளிடம் நீட்டினாள். "எண்ணிப் பாத்துக்க. ஆறு இருக்கணும்." மகள் எண்ணினாள். ஆறும் இருந்தன.

"மன்னிச்சுடும்மா," என்றாள் அக்கா.

வரிசையில் அடுத்து நின்றவர் முன்னால் வந்தார். மாணவி அவரைக் கையால் நிறுத்திவிட்டு, அக்காவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஆன்ட்டி, அந்த மாதிரி ஒரு கிளாஸ் வேற எங்கயாவது நெஜமா இருக்கா?"

அக்கா மகளைப் பார்த்தாள். மகளும் பதிலுக்காகத்தான் காத்திருந்தாள்.

"தெரியாதும்மா," என்றாள் அக்கா. "இருக்கும்னு நெனச்சுத்தான் எழுதினேன்."